மோனேயின் ரயில் நிலையம்: ரயில் ஒரு சாக்கு, புகைதான் விஷயம்

கேள்வி இதுதான்: பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1877இல் வரைந்த 'சான் லசார் ரயில் நிலையம்' ஓவியத்தை "நவீன வாழ்க்கையின் ஓவியம்" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். ஆனால் அதில் இருப்பது ஒரு பெரிய கொட்டகை, நிறையப் புகை, முகமே இல்லாத சில ஆட்கள். இதில் வாழ்க்கை எங்கே இருக்கிறது? பாதியில் விட்ட படம் மாதிரி அல்லவா இருக்கிறது?

நியாயமான கேள்வி. 1877இல் பாரிஸில் பலர் கேட்டதும் இதையேதான், கொஞ்சம் கிண்டலோடு. என் பதிலை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விரிக்கிறேன். அந்தப் படத்தில் ரயில் ஒரு சாக்கு. மோனேவுக்கு வேண்டியிருந்தது புகை. போன நிமிஷம் இருந்த மாதிரி இந்த நிமிஷம் இல்லாத ஒன்றை வரைய வேண்டும். அது தினமும் அவர் நிற்கும் இடத்துக்கே தேடி வரவும் வேண்டும். ஆற்றங்கரைப் பனிமூட்டம் அதன் இஷ்டத்துக்குத்தான் வரும். ரயில் நிலையத்துப் புகையோ கால அட்டவணைப்படி வரும். ஒன்று கலைந்து போனால், அடுத்த வண்டி அடுத்ததைக் கொண்டு வரும். இந்த வசதியைக் கண்டுபிடித்ததுதான் மோனேயின் சாமர்த்தியம் என்று நினைக்கிறேன்.

இரண்டு குழப்பங்களை முதலில் தீர்த்துவிடலாம். மோனே வேறு, மானே வேறு. குளோத் மோனே, எதுவார் மானே. தமிழில் ஒரு எழுத்து வித்தியாசம், பிரெஞ்சிலும் அப்படியே. இருவரும் ஒரே காலம், நண்பர்கள், இருவருமே இந்த ரயில் நிலையத்தை வைத்து வரைந்திருக்கிறார்கள். அதனால் குழம்பாதவர் குறைவு. மானே இந்தப் பதிலில் பின்னால் வருகிறார்.

இன்னொன்று, மோனேயின் 'சான் லசார்' ஒரே ஒரு ஓவியம் இல்லை. மொத்தம் 12. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் ஒன்று, லண்டன் நேஷனல் கேலரியில் ஒன்று, சிகாகோவில் ஒன்று, ஹார்வர்டில் ஒன்று, பாரிஸிலேயே மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் ஒன்று என்று உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. சிலவற்றில் நாம் கூரைக்கு அடியில் நிற்கிறோம், சிலவற்றில் வெளியே தண்டவாளங்களுக்கு நடுவே. அதிகமாக அச்சாகி அதிகமாகச் சுற்றுவது ஓர்சே படம்தான், நீங்கள் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கும். முக்கால் மீட்டர் உயரம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். ஒரு வீட்டு ஜன்னல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கூரையின் உச்சி படத்தின் மேல்பகுதியில் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு சரிவுகளும் இரு பக்கமாக இறங்குகின்றன, ஓட்டுவீட்டின் முகப்பைப் போல. பொதுவாக மோனே இவ்வளவு கட்டுப்பாடான சமச்சீரை விரும்புகிறவர் இல்லை. இங்கே அதை வேண்டுமென்றே வைத்திருக்கிறார். இரும்பும் கண்ணாடியும் அசையாமல் அளவோடு நிற்கின்றன, அதற்குக் கீழே எதுவும் நிற்பதில்லை. எஞ்சினிலிருந்து கிளம்பிய புகை மேலே போய்க் கூரையில் முட்டிப் பரவுகிறது. கூரை நிழலுக்குள் இருக்கும்வரை அது நீலம். நிழலைத் தாண்டி வெயிலுக்குப் போனதும் வெளுத்துப் போகிறது. தூரத்தில் வெயில் பட்ட அடுக்குமாடி வீடுகள், அவற்றின் விளிம்பு எங்கே முடிகிறது, புகை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. தரையில் கண்ணாடிக் கூரை வழியே விழுந்த வெளிச்சத் திட்டுகள். ஆட்கள் இருக்கிறார்கள், இரண்டு மூன்று தூரிகைத் தீற்றலில்.

அந்தக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. யூஜின் ஃப்ளாஷா என்ற பொறியாளர் 1850களின் தொடக்கத்தில் கட்டியது, நடுவில் தூணே இல்லாமல் 40 மீட்டர் அகலம். இன்று நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அன்றைக்கு, இவ்வளவு பெரிய வெளியை மூடும் கட்டடம் என்றால் அது தேவாலயமாகத்தான் இருந்திருக்கும். அதை ஒரு வண்டி நிறுத்துவதற்காகக் கட்டினார்கள். மேலே கண்ணாடி வைத்ததால் உள்ளே சீரான, பரவலான வெளிச்சம் கிடைத்தது. ஓவியர்கள் தங்கள் அறைகளுக்கு வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் வைக்கச் சொல்லிக் காசு கொடுப்பார்களே, அதே வெளிச்சம் இங்கே இலவசமாகக் கிடைத்தது. மழைக்கும் நனைய வேண்டாம். ஜனவரி மாதப் பாரிஸில் இதுவும் ஒரு காரணம்தான்.

ஏன் சான் லசார்? பாரிஸில் வேறு ரயில் நிலையங்களும் இருந்தனவே? இதற்கான பதில் மோனேயின் பிழைப்பிலேயே இருக்கிறது. இந்த நிலையத்திலிருந்து 1837இல் தொடங்கிய ரயில் பாதை, 1843இல் ருவான் நகரம் வரை, 1847இல் கடற்கரையில் லெ ஆவ்ர் வரை நீண்டது. மோனே பாரிஸில் 1840இல் பிறந்தார், வளர்ந்தது லெ ஆவ்ர் துறைமுகத்தில். ஆக, பையனாக இருந்த காலத்திலிருந்து அவர் பாரிஸுக்கு வந்து இறங்கிய நிலையம் இது. 1871இன் கடைசியில் அவர் குடிபோன அர்ஜான்தெய் என்ற ஊர் இதே நிலையத்திலிருந்து கால் மணி நேரப் பயணம். ஞாயிற்றுக்கிழமை படகு ஓட்டப் பாரிஸ் ஜனங்கள் அங்கே போவது இந்த ரயிலில்தான். பெயர் வாங்கிக் கொடுத்த 'இம்ப்ரஷன், சூரிய உதயம்' வரைந்தது லெ ஆவ்ரில். பிற்காலத்தில் அவர் முப்பதுக்கும் மேல் வரைந்த தேவாலயம் இருப்பது ருவானில். கடைசிவரை வாழ்ந்த ஜிவெர்னிக்குப் போக இறங்க வேண்டிய வெர்னான் நிலையமும் இதே பாதையில். வரைபடத்தை எடுத்து இந்த ரயில் பாதையில் விரலை ஓட்டினால், மோனேயின் வாழ்க்கை வரலாறு பாதிக்குமேல் கைக்குள் வந்துவிடும். சான் லசார் அவருக்கு ஒரு சின்னமாக இருந்ததோ இல்லையோ, தினப்படி வழி அது.

1877 ஜனவரியில் அவருக்கு 36 வயது. கையில் காசில்லை. மேற்கு ரயில்வே கம்பெனியிடம் நிலையத்துக்குள் நின்று வரைய அனுமதி வாங்கினார். பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன அறை எடுத்துக்கொண்டார். அதற்கு வாடகை கொடுத்தவர் குஸ்தாவ் கய்போத். அவரும் ஓவியர்தான், ஆனால் அப்பா விட்டுப்போன சொத்து இருந்தது. நண்பர்களின் படங்களை வாங்குவார், கண்காட்சிக்குப் பணம் போடுவார், வாடகை கட்டுவார். தம்பி இறந்த அதிர்ச்சியில் 28 வயதிலேயே உயில் எழுதி, தன் சேகரிப்பை அரசுக்கு என்று வைத்துவிட்டார். அவர் 1894இல் இறந்தபோது அரசு அதை முழுசாக எடுத்துக்கொள்ளத் தயங்கி, இழுத்தடித்து, கடைசியில் சுமார் 40 படங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. ஓர்சேயில் இருக்கும் சான் லசார் அப்படி வந்ததுதான். கண நேரத்து ஒளியைப் பிடிக்க முயன்ற மோனே கூட்டத்தின் பாணியான இம்ப்ரஷனிசம் பற்றிப் பேசும்போது ஒளி, வண்ணம் என்றெல்லாம் பேசுகிறோம். வாடகை கட்டியவரைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

அனுமதி வாங்கிய விதம் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. ஓவியர் ரெனுவாரின் மகன், திரைப்பட இயக்குநர் ஜான் ரெனுவார், தன் அப்பாவைப் பற்றி எழுதிய நூலில் அதைச் சொல்கிறார். மோனே இருந்ததிலேயே நல்ல உடுப்பை மாட்டிக்கொண்டு, தங்கப்பூண் போட்ட கைத்தடியோடு மேற்கு ரயில்வேயின் தலைமை அதிகாரியிடம் போய், "உங்கள் நிலையத்தை வரைய முடிவு செய்திருக்கிறேன்" என்றாராம். ஓவியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத அதிகாரி, யாரோ பெரிய மனிதர் என்று பயந்துவிட்டாராம். வண்டிகளை நிறுத்தினார்கள், நடைமேடையைக் காலி செய்தார்கள், மோனே கேட்ட அளவுக்குப் புகை வரவேண்டும் என்று எஞ்சின்களில் கரியை அள்ளிப் போட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜான் ரெனுவார் பிறந்ததே 1894இல். அப்பா வயதான காலத்தில் சொன்னதை, மகன் தனக்கும் வயதான பிறகு எழுதியது. பாரிஸின் மிகப் பரபரப்பான நிலையத்தில், ஒரு ஓவியருக்காக வண்டிகள் நின்றிருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கதையில் ஒரு உண்மை இருக்கிறது: இவர் அங்கே போனது புகைக்காகத்தான் என்று கூட இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது புகைக்கு வருகிறேன். தமிழில் நாம் 'புகைவண்டி' என்று பெயர் வைத்தோம். ஓடுவது நீராவியில், பெயர் வைத்தது கண்ணுக்குத் தெரிந்த புகையைப் பார்த்து. மோனே செய்ததும் அதேதான் என்று சொன்னால் கொஞ்சம் அதிகப்படியாக இருக்கும், ஆனால் தப்பாக இருக்காது.

உண்மையில் எஞ்சினிலிருந்து இரண்டு சமாச்சாரங்கள் வருகின்றன. ஒன்று நிலக்கரிப் புகை. சாம்பல், பழுப்பு, சில நேரம் கருப்பு. இன்னொன்று வேலை முடிந்து வெளியேறும் நீராவி. சுத்தமான நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெளிக்காற்று பட்டுக் குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாக மாறும்போதுதான் வெள்ளை மேகமாகத் தெரிகிறது. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் கிளம்புவதைக் காலையில் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சக்கரத்துப் பக்கமிருந்து 'புஸ்' என்று வெளியேறும் ஆவி, வெளிவந்த இடத்தில் ஒன்றுமே இல்லாதது போலிருந்து, ஒரு சாண் தள்ளிப் பஞ்சாகத் திரளும். நான் நின்று பார்த்த அன்று குளிர் அதிகம், ஆவி கலையவே மனமில்லாமல் தரையோடு தவழ்ந்தது. வெயில் ஏறிய பிறகு அதே எஞ்சின் விடும் ஆவி சீக்கிரமே காணாமல் போகும். மோனே வரைந்தது பாரிஸ் குளிர்காலத்தில், ஜனவரி தொடங்கி. வெளியே கடுங்குளிர், மேலே மூடிய கூரை. ஆவி திரள்வதற்கும் தங்குவதற்கும் இதைவிடத் தோதான இடமும் மாதமும் கிடையாது. ஜூலையில் வந்திருந்தால் பாதிப் படம் காணாமல் போயிருக்கும்.

அடுத்தது நிறம். மெல்லிய புகைக்கு ஒரு குணம் உண்டு. இருட்டான பின்னணிக்கு முன்னால் நீலமாகத் தெரியும். பிரகாசமான வானத்துக்கு முன்னால் அதே புகை பழுப்பாகத் தெரியும். ஊதுபத்திப் புகையை வைத்து வீட்டிலேயே பார்க்கலாம்: பின்னால் கருப்புத் துணி இருந்தால் நீலம், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மங்கலான பழுப்பு. மோனேவுக்கு இதன் இயற்பியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை, 'புகை என்றால் சாம்பல் நிறம்' என்ற பழக்கம் குறுக்கே வராமல், அப்படியே போட்டார். நீலப் புகையைப் பார்த்துச் சிரித்தவர்கள் புகையைப் பார்க்காமல் பழக்கத்தைப் பார்த்தவர்கள்.

லண்டன் நேஷனல் கேலரி தன்னிடம் இருக்கும் சான் லசார் படத்தின் வண்ணங்களை ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்திருக்கிறது. எஞ்சினும் கூரையின் இரும்பும் பார்க்கக் கருப்பாகவும் பழுப்பாகவும் இருக்கின்றன அல்லவா? அந்த இருட்டில் கருப்புச் சாயம் மிக மிகக் குறைவு. கோபால்ட் நீலம், செருலியன் நீலம், அல்ட்ராமரின், எமரால்டு பச்சை, விரிடியன் பச்சை, வெர்மிலியன் சிவப்பு என்று பளிச்சென்ற வண்ணங்களைக் கலந்து கலந்து அந்தக் கருமையைச் செய்திருக்கிறார். இதில் கோபால்ட், செருலியன், விரிடியன் எல்லாம் 19ஆம் நூற்றாண்டில் வேதியியல் கொண்டுவந்து கொடுத்த புதுச் சரக்கு. மூடியைத் திருகிப் பிதுக்கும் தகரக் குழாய் 1841இல் வந்தது. அதற்கு முன் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள், அதைத் தூக்கிக்கொண்டு நடைமேடையில் நின்று வரைவது லேசான காரியமில்லை. ரயிலையும் இந்த நீலத்தையும் தகரக் குழாயையும் பெற்றது ஒரே தொழிற்சாலை யுகம்தான். 'நவீன வாழ்க்கை' இந்தப் படத்தில் எங்கே என்று கேட்டால், எஞ்சினைக் காட்டுவதற்கு முன் அந்த நீலத்தைக் காட்டுவேன்.

"பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது" என்றீர்கள். 12 படங்களில் சிலது உண்மையிலேயே அப்படித்தான். சில கேன்வாஸ்களில் மேல் அடுக்குகள் பல உண்டு; காய்ந்த பிறகு திரும்ப வந்து வேலை செய்திருக்கிறார். சிலவற்றில் ஒரே மூச்சில் இழுத்துவிட்டதோடு சரி. மார்மொத்தானில் இருக்கும் அவரது குறிப்பேட்டில் இந்த நிலையத்தின் பென்சில் கோட்டுப் படங்கள் உள்ளன. ஆக, கூரையின் கணக்கு, தூண்களின் இடம் எல்லாம் முன்பே யோசித்து வைத்தது. 'போனார், பார்த்தார், ஒரே மணி நேரத்தில் வரைந்தார்' என்பது இம்ப்ரஷனிஸ்டுகளைப் பற்றி அவர்களே வளர்த்துவிட்ட புராணம். ஓர்சே படத்தின் அவசரம் நன்றாகத் திட்டமிட்ட அவசரம். ஜனவரியில் அனுமதி, ஏப்ரல் தொடக்கத்தில் கண்காட்சி; மூன்று மாதம்கூட இல்லை. நிஜ அவசரமும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

சரி, மனிதர்கள். இங்கேதான் உங்கள் கேள்வியின் கனம் இருக்கிறது. 'நவீன வாழ்க்கை' என்ற பேச்சைக் கிளப்பியதில் கவிஞர் பொதலேருக்குப் பெரிய பங்கு உண்டு. 1863இல் வெளியான கட்டுரையில், நவீனம் என்பது நிலையற்றது, நழுவிப் போவது, தற்செயலானது; கலையின் ஒரு பாதி அது, மறுபாதி என்றும் இருப்பது என்று வாதிட்டார். புராண வீரர்களை விட்டுவிட்டுத் தெருவில் போகிறவர்களை வரையுங்கள் என்பது அதன் சாரம். அதைக் கேட்டுத் தெருவுக்கு வந்த மூன்று பேர் இந்த ஒரே நிலையத்தைச் சுற்றி எப்படி வரைந்தார்கள் என்று பார்த்தால் மோனே என்ன செய்தார் என்பது விளங்கும்.

மானேயின் வீடு நிலையத்துக்குப் பக்கத்தில். 1873இல் 'ரயில்பாதை' என்ற படம் வரைந்தார். இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. படத்தில் ரயிலே இல்லை! ஒரு பெண் மடியில் நாய்க்குட்டியையும் திறந்த புத்தகத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து நம்மையே பார்க்கிறாள். பக்கத்தில் ஒரு சிறுமி நமக்கு முதுகைக் காட்டி, இரும்புக் கிராதியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கிறாள். கிராதிக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை ஆவி. ரயில் இப்போதுதான் போயிருக்கிறது, அவ்வளவுதான். சிறுமிக்கு அது வேடிக்கை. பெரியவளுக்குப் பழகிப் போனது, படிப்பதை நிறுத்திவிட்டு யாரோ கூப்பிட்டது போல நிமிர்கிறாள். பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் 1874இல் இதை வைத்தபோது கேலிச் சித்திரக்காரர்கள் சிறைக் கம்பிக்குப் பின்னால் இரண்டு பேர் என்று வரைந்து தள்ளினார்கள். எனக்கு, மூன்று பேரில் மானேதான் மிகவும் சாமர்த்தியசாலி என்று தோன்றும். ஒரு ஊரின் நடுவே ரயில் வந்த பிறகு அங்கே இருப்பவர்களின் பார்வை எப்படி மாறுகிறது என்பதை, ரயிலைக் காட்டாமலே சொல்லிவிட்டார்.

வாடகை கட்டிய கய்போத், 1876இல் நிலையத்துக்கு மேலே ஓடும் ஐரோப்பா பாலத்தை வரைந்தார். லண்டன், வியன்னா, மாட்ரிட் என்று ஐரோப்பிய நகரங்களின் பெயர் கொண்ட தெருக்கள் தண்டவாளங்களுக்கு மேலே வந்து சேரும் இரும்புப் பாலம் அது. பெருக்கல் குறி போல் குறுக்கும் நெடுக்குமான பிரம்மாண்ட இரும்புச் சட்டங்கள், தொப்பி போட்ட கனவான், குடை பிடித்த சீமாட்டி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்க்கும் ஒரு தொழிலாளி, தன் பாட்டுக்குப் போகும் நாய். ஒவ்வொருவரின் உடையும் வர்க்கமும் தெளிவு. ஒரே பாலத்தில் நடக்கிறார்கள், ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதில்லை. கோடுகள் பொறியாளர் போட்டது போல் கச்சிதம். நீங்கள் எதிர்பார்த்த 'வாழ்க்கை' உங்களுக்கு இங்கே கிடைக்கும். மோனே உங்களை ஏமாற்றினால் கய்போத்திடம் போங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை.

மோனே இந்த இரண்டையும் செய்யவில்லை. அவர் பாலத்துக்குக் கீழே, தண்டவாளப் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் படத்தில் யாருக்கும் கதை இல்லை. யார் ஊருக்குப் போகிறார், யார் வழியனுப்ப வந்தார், ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பெரிய நிலையத்தில் நாமும் மற்றவர்களை அப்படித்தானே பார்க்கிறோம்? பத்து நிமிஷம் ஒரே கூரைக்கு அடியில் நின்றுவிட்டு, ஒரு முகம்கூட நினைவில்லாமல் வண்டி ஏறுகிறோம். கிராமத்தில் தெருவில் போகிற ஆளை இன்னார் மகன் என்று தெரியும். நிலையத்தில் எல்லாரும் ஒரு தீற்றல். மோனே இதை ஒரு கருத்தாக யோசித்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். புகைக்குக் கொடுத்த கவனத்தை ஆட்களுக்கும் கொடுத்தார், ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ரயிலை முதலில் வரைந்தவர் மோனே என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியில்லை. லண்டனில் ஆங்கில ஓவியர் டர்னர் 1844லேயே மழைக்கும் ஆவிக்கும் நடுவே பாலத்தில் சீறி வரும் ரயிலை வரைந்துவிட்டார். 1870-71இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரின்போது லண்டனுக்குத் தப்பிப்போன மோனே அங்கே டர்னரின் ஓவியங்களைப் பார்த்தார். ஆனால் டர்னரின் ரயில் இயற்கையைக் கிழித்துக்கொண்டு வரும் ஒரு பூதம். மோனேயின் ரயில் வந்து நின்று பெருமூச்சு விடுகிறது. முப்பது வருஷத்தில் பூதம் வீட்டுப் பிராணி ஆகிவிட்டது.

1877 ஏப்ரலில் பாரிஸின் லெ பெலத்தியே தெருவில், மோனேயும் நண்பர்களும் சேர்ந்து நடத்திய மூன்றாவது குழுக் கண்காட்சி. கேலிப் பெயராக வந்த 'இம்ப்ரஷனிஸ்ட்' என்பதைக் குழுவே தன் பெயராக எடுத்துக்கொண்டது இந்தத் தடவைதான். மோனே காட்டியவற்றில் குறைந்தது ஏழு படங்கள் சான் லசார். ஃபிகாரோ பத்திரிகையின் விமர்சகர், பல எஞ்சின்கள் ஒரே நேரத்தில் ஊதினால் உண்டாகும் எரிச்சலை இவர் படத்தில் கொண்டுவர முயன்றிருக்கிறார் என்கிற மாதிரி எழுதினார். திட்டுவதாக நினைத்துக்கொண்டு பாராட்டிவிட்டார் மனிதர். எழுத்தாளர் எமில் ஜோலா சரியாகப் பிடித்தார்: இந்தப் படங்களில் வண்டிகள் வரும் இரைச்சல் கேட்கிறது, அப்பன்மார்கள் காட்டிலும் ஆற்றிலும் கண்ட கவிதையை இன்றைய ஓவியர்கள் ரயில் நிலையத்தில் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

பாராட்டு வந்தது, பணம் அந்த அளவுக்கு வரவில்லை. இந்தப் படங்களில் சிலவற்றை வாங்கிய துணி வியாபாரி எர்னஸ்ட் ஓஷெதே அதே வருஷம் திவாலாகிவிட்டார். அடுத்த வருஷம் அவர் சேகரிப்பு ஏலத்துக்குப் போனபோது மோனேயின் படங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின.

இந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவும் வேண்டாம். இதே ரயில் யுகத்தை இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ஓனோரே தோமியே மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குள் போய் வரைந்திருக்கிறார்; களைத்த தாய், கூடையோடு கிழவி, தூங்கும் பையன். கரி அள்ளிப் போடுகிறவனுக்குப் புகை என்பது நெஞ்சுக்குள் போவது. மோனேயின் நீலத்தில் அந்த நெடி இல்லை. பாரிஸையே தலைகீழாகப் புரட்டிப்போட்ட ரயிலை அழகான மேகம் பார்க்கும் இடமாக மட்டும் எடுத்துக்கொண்டார் என்று ஒருவர் குறை சொன்னால், என்னிடம் முழுப் பதில் இல்லை. புகை பார்க்கப் போனவர் புகையைப் பார்த்தார் என்றுதான் சொல்ல முடியும்.

என்றாவது பாரிஸ் போனால் நேரில் பாருங்கள், திரையில் அந்த நீலம் வராது. முதலில் ஐந்தாறு அடி தள்ளி நின்று கூரையின் கோடுகளைப் பிடியுங்கள், பிறகு கிட்டே போய் எஞ்சினுக்குள் எத்தனை நிறம் என்று எண்ணுங்கள். படம் மாட்டியிருக்கும் ஓர்சே கட்டடமே ஒரு பழைய ரயில் நிலையம்தான்; 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. ஆரம்பத்திலிருந்தே மின்சார ரயிலுக்கென்று கட்டியது என்பதால், அந்த அலங்காரக் கூரைக்குக் கீழே எஞ்சின் புகை தேவைப்படவே இல்லை.

கடைசியாக, பலர் கேட்கும் துணைக்கேள்வி: இவ்வளவு பிடித்திருந்தால் அப்புறம் ஏன் ரயிலை விட்டுவிட்டார்? 1878இல் பாரிஸை விட்டுப் போனவர், 1883இல் ஜிவெர்னியில் குடியேறினார். 1890இல் அந்த வீட்டை வாங்கினார். 1893இல் அல்லிக்குளம் வெட்டுவதற்காகத் தோட்டத்துக்கு எதிரே நிலம் வாங்கினார். வீட்டுத் தோட்டத்துக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு சின்ன ரயில் பாதை ஓடியது. தூரிகையும் கேன்வாஸுமாக மோனே அந்தத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் குளத்துக்குப் போக வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அப்படித் தாண்டிப் போய், நூற்றுக்கணக்கில் அல்லிப் படங்கள் வரைந்தார். தண்ணீரில் மேகம் தெரிகிறது, வில்லோ மரம் தெரிகிறது. புகை மட்டும் இல்லை.